மூணாவது ஆள்

உலகத்தில் இரண்டு மனம் கொண்ட ஒருத்தியைப் பிசகில்லாமல் எழுதத் தெரிந்தவன் ஒருவன்தான் பிறந்திருக்கிறான், அவன் தற்சமயம் சுருளிப்பட்டியில் திராட்சைப் பெட்டிக்குப் பழைய பேப்பர் விரித்துக்கொண்டிருக்கிறான் என்று மதன்குமார் சொன்னான். சொல்லும்போது அவன் சிரிக்கவில்லை. பந்தலுக்கடியில் குத்தவைத்திருந்த பெண்களும் சிரிக்கவில்லை. அவர்கள் கையில் கத்திரி இருந்தது. ஒவ்வொரு குலையிலும் வெடித்ததையும் சொத்தையையும் தேடி நறுக்கிப் போட வேண்டும். அதற்கு நடுவில் உலகத்தைப் பற்றி யோசிக்க முடியாது.

"பேப்பரை ஒழுங்கா விரிப்பா. மூலையில பலகை தெரியுது, பழம் இடிச்சிரும்" என்றாள் அவன் அம்மா மலையம்மாள்.

மதன்குமார் உத்தமபாளையத்தில் பட்டம் முடித்தவன். நாலைந்து வேலைக்கு எழுதிப்போட்டுவிட்டு, பதில் வருகிற வரைக்கும் அப்பா சுருளிவேலின் முக்கால் ஏக்கர் பன்னீர் திராட்சைத் தோட்டத்தில் ஒத்தாசையாக இருந்தான். ஒத்தாசை என்றால் பேச்சு. அந்த வருடம் அவன் பேச்சு முழுக்க ஏழரை மணி நாடகத்தைப் பற்றியதாக இருந்தது. நாடகத்துக்கு டிவிக்காரர்கள் வைத்த பெயர் வேறு. ஊரில் அது ஏழரை மணி நாடகம்.

அதில் மங்கை என்று ஒரு மருமகள். அடங்கினவள். அவளுக்குள் மோனா என்று இன்னொருத்தி. மோனா இடக்கைக்காரி, காரம் தொடமாட்டாள், மங்கைக்குத் தெரிந்தது எதுவும் மோனாவுக்குத் தெரியாது. முதல் மாதம் இப்படித்தான் எழுதினார்கள். பிறகு எழுதுகிறவர்கள் மறந்துவிட்டார்கள். மோனா வலக்கையால் மாமியாரை அறைந்தாள். மிளகாய்ச் சட்டினியை வழித்துத் தின்றாள். மங்கை ஒளித்துவைத்த சாவியை நேராகப் போய் எடுத்தாள். கேரளாவுக்கு ஏலக்காய் எடுக்க ஜீப்பில் போகிற பெண்கள் கம்பம்மெட்டு ஏறி முடிகிற வரைக்கும் இதெப்படி என்றே கேட்டுக்கொண்டு போனார்கள். அவர்கள் கேட்டது சென்னைக்குக் கேட்டுவிட்டதோ என்னவோ, ஒரு வெள்ளிக்கிழமை நாடகத்து டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இது மங்கையும் இல்லை, மோனாவும் இல்லை, மூன்றாவது ஆள் என்றார். இசை அடித்தது. விளம்பரம் வந்தது.

மதன்குமார் அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை.

"எழுதுறவன் மறந்துட்டான்னா ஒடனே புது ஆளை எறக்கிருவான்" என்று மறுநாள் பந்தலுக்கடியில் சொன்னான். "மோனாவுக்குக் காரம் ஆகுமா ஆகாதான்னு அவன்கிட்டக் கேளுங்க. ரெண்டும்னு வச்சுக்கங்கம்பான். வச்சுக்கங்கன்னா, அது என்ன அடகுக் கடையா?"

"எவனோ தப்பா எழுதுனா ஒனக்கு எங்கடா வலிக்குது?" என்றார் சுருளிவேல்.

வலித்த இடத்தை அவன் செல்போனில் காட்டினான். தினமும் நாடகம் முடிந்ததும் வாசல் விளக்கடியில் நின்று, முகத்தை எழவு வீட்டில் நிற்பவன் மாதிரி வைத்துக்கொண்டு, அன்றைய பிழைகளை வாசித்துப் பதிவு போடுவான். பார்ப்பவர்களில் பாதிப் பேர் அவனோடு படித்தவர்கள்; மீதிப் பேர் வேறெதையோ தேடி விரல் தவறியவர்கள். உண்மையில் இரட்டை ஆள் என்றால் சட்டம் இருக்கிறது என்று ஒரு பதிவில் விளக்கினான். கை மாறும். நாக்கு மாறும். நினைப்பு மாறும். 'நான் அவ இல்ல' என்று அது வாயாலேயே சொல்லும். இந்தச் சட்டத்தை அவன் எங்கும் படிக்கவில்லை. மோட்டார் ரூம் நிழலில் படுத்திருந்தபோது தோன்றியது. சொன்ன தோரணையில் தேனி ஜில்லாவே நம்பும்.

ஆண்டிபட்டியில் நம்பினார்கள்.

வீரபாண்டித் திருவிழா முடிந்த வாரம். காலையிலிருந்தே மேற்கு மலையில் மழைக் கருக்கல் ஏறிக்கொண்டிருந்தது. கோடை மழை இறங்கினால் பழுத்த பழம் அத்தனையும் வெடித்துவிடும் என்று எல்லோரும் கை ஓயாமல் அறுத்துக்கொண்டிருந்தார்கள். தோட்டத்து வண்டிப்பாதையில் ஒரு கார் வந்து நின்றது. அதிலிருந்து மதன்குமாரின் அக்கா நாகஜோதி இறங்கினாள். பின்னால் அவள் புருஷன் விஜய்ராஜ், அவனுடைய அம்மா மாயக்காள். விஜய்ராஜுக்கு ஆண்டிபட்டிப் பக்கம் விசைத்தறி இருந்தது. நாகஜோதியின் இடக்கையில் துணிப்பை. வலக்கை முந்தானைக்குள் இருந்தது. பிள்ளை திரிஷாவைக் காணோம்.

வந்தவர்களுக்கு மலையம்மாள் மோர் கொடுத்தாள். மாயக்காள் மோரைக் குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தாள். குரலில் கோபம் இல்லை. துக்கம் விசாரிக்க வந்தவள் குரலாக இருந்தது.

"கோவிச்சுக்கக் கூடாது மதினி. ஓங்க மகளை நாங்க கொறை சொல்லல. ஓங்க மக நல்லவதான். அவகூட இன்னொருத்தி இருக்கா, அவதான் சரியில்ல."

மலையம்மாளுக்கு விளங்கவில்லை. எந்த ஒருத்தி, வாடகைக்கு வந்தவளா என்று கேட்டாள்.

மாயக்காள் விவரம் சொன்னாள். கொஞ்ச நாளாகவே மருமகள் இடக்கையால் சாப்பிடுகிறாளாம். புருஷன் பக்கத்தில் போனால் யாரென்றே தெரியாத மாதிரி பார்க்கிறாளாம். போன வாரம் அவன் கூப்பிட்டதற்கு, 'ஒனக்குக் கஞ்சி ஊத்துன ஜோதி செத்துப்போயிட்டா, நான் வேற ஆளு' என்று சொல்லியிருக்கிறாள். கை மாறிவிட்டது, நினைப்பு மாறிவிட்டது, வாயாலேயும் சொல்லிவிட்டது. இதற்குமேல் என்ன வேண்டும்?

"நாங்களாச் சொல்லல" என்று விஜய்ராஜ் செல்போனை எடுத்தான். "ஓங்க வீட்டுப் படிச்ச பயதான் சொல்லிருக்கான்."

பந்தலுக்கடியில் மதன்குமாரின் குரல் ஒலித்தது. கை மாறும். நாக்கு மாறும். கத்திரிச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. தன் குரல் இத்தனை கீச்சென்று இருக்கும் என்று மதன்குமாருக்கு அதுவரை தெரியாது.

"அது நாடகத்துக்குச் சொன்னது மச்சான்" என்றான்.

"நாடகத்துக்குத்தான தப்புங்குற. நெசத்துக்கு இதான் சட்டம்னு முடிவுல சொல்லிருக்கியே, போட்டுக் காட்டவா?"

திரிஷா எங்கே என்று சுருளிவேல் கேட்டார். பிள்ளை அங்கனயே இருக்கட்டும் என்றாள் மாயக்காள். ரெண்டு ஆள் இருக்கிற உடம்பில் எந்த ஆளை நம்பிப் பிள்ளையை விடுவது? வருகிற அமாவாசைக்குப் பேயோட்டுகிற கெங்குவார்பட்டிக் கோடாங்கி கருத்தக்கண்ணனிடம் சொல்லியாகிவிட்டது. ரெண்டு வீட்டாரும் வர வேண்டும். உள்ளே இருக்கிறது இறங்கிப் போனால் நாகஜோதி புருஷன் வீட்டுக்குத் திரும்பலாம். போகாதென்றால் தாலியை அறுத்துவிட்டு வேறு கட்டிக்கொள்ள வேண்டியதுதான், பிள்ளை எங்கள் ரத்தம். கோடாங்கி வாயில் எது வருகிறதோ அதற்கு ரெண்டு வீடும் கட்டுப்படணும். இதைச் சொல்லிவிட்டு மாயக்காள் போகும்போது ரெண்டு குலை திராட்சை கேட்டு வாங்கிக்கொண்டாள். பேத்திக்குப் பிடிக்குமாம்.

கார் போனபிறகுதான் நாகஜோதி முந்தானையை விலக்கினாள். நடுவிரலும் மோதிர விரலும் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தன. மடங்கவில்லை.

வீரபாண்டிக்கு வரலாம் என்று சேலை எடுக்கப் போயிருக்கிறாள். போக வேண்டாம் என்று விஜய்ராஜ் சொல்லியிருக்கிறான். சொல்லிக்கொண்டே பீரோக் கதவைச் சாத்தியிருக்கிறான். கை உள்ளே இருந்தது. அவன் அதைப் பார்க்காமல் சாத்தினானா என்று சுருளிவேல் கேட்டார்.

"ரெண்டு தடவ சாத்துனாகப்பா" என்றாள்.

மோட்டார் ஓடுகிறதா பார்த்துவிட்டு வருகிறேன் என்று சுருளிவேல் எழுந்து போனார். அப்போது கரண்டே இல்லை. மலையம்மாள் மகளின் கையை மடியில் வைத்துக்கொண்டு, இத்தனை நாள் எதில் சாப்பிட்டாய் என்று கேட்டாள். கேட்டபிறகுதான் அவளுக்கு உறைத்தது. மழை இறங்கியது. பெண்கள் தார்ப்பாயை இழுத்துப் பெட்டிகளை மூடினார்கள். மூட முடியாதது கொடியில் தொங்கிக்கொண்டு நனைந்தது.

தேனியில் கையைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். எலும்பு உடைந்து, உடைந்த வாக்கிலேயே கூட ஆரம்பித்துவிட்டது. எப்படி ஆனது என்று கேட்டதற்குக் 'கதவு' என்றாள் நாகஜோதி. அது பொய்யில்லை. மனசு பார்க்கிற டாக்டரையும் பார்த்துவிடலாம், ஒன்றுமில்லை என்று எழுதி வாங்கிவிடலாம் என்றான் மதன்குமார். ஸ்டேஷனில் எழுதிக்கொடுக்கலாம் என்றார் சுருளிவேல். திரும்பி வருகிற பஸ்ஸில் இந்தப் பேச்சு கம்பம் வரைக்கும் நடந்தது. நாகஜோதி ஜன்னல் பக்கம் இருந்தாள்.

"டாக்டரு ஒண்ணுமில்லம்பாரு" என்றாள், வெளியே பார்த்தபடி. "ஒண்ணுமில்லன்னா, அப்பறம் ஏம்மா இங்கன இருக்க, வீட்டுக்குப் போம்பாக. ஸ்டேசன்லயும் அதான், பேசிப் பேசிக் கொண்டுபோய் விட்ருவாக. ஏதோ இருக்குன்னு டாக்டரு எழுதிட்டா பிள்ளையக் குடுக்க மாட்டாக. எனக்கு ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு வேணும். அங்க போகவும் கூடாது. பிள்ளையும் வரணும்."

"நடுவுல எதும் கெடையாதேடி" என்றாள் மலையம்மாள்.

மதன்குமார் இரண்டு நாள் பதிவு எதுவும் போடவில்லை. மூன்றாம் நாள் கத்திரியை எடுத்துக்கொண்டு வந்து அக்கா பக்கத்தில் உட்கார்ந்தான். மழைக்கு வெடித்த பழம் பந்தல் முழுக்கப் புளித்துப்போய் வாடை அடித்தது. ஈ மொய்த்தது. முக்கால்வாசிக் குலை ஜூஸுக்குக்கூட ஆகாது என்று கோட்டயத்து வியாபாரி வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். தேறுகிறதைத் தேற்ற வேண்டியிருந்தது. நாகஜோதி இடக்கையில் கத்திரி பிடித்து, ஒவ்வொரு பழமாக, மெதுவாக நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பேய்க்கு ஒரு கதை எழுதிட்டேன்" என்றான்.

அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். அவன் சொல்லத் தொடங்கினான். கருத்தக்கண்ணன் கோடாங்கிக்கு ஒரு வழக்கம் உண்டு. முதலில் பெயரைக் கேட்பார். பெயர் சொன்னால் ஊர், அப்புறம் என்ன வேண்டும். வந்திருக்கிறது கேட்டதைக் கொடுத்துத்தான் அனுப்புவார். கொடுக்காமல் விரட்டினால் அந்த வீட்டு ஆணுக்கு ஆகாது. மாயக்காள் இதை நெல் முனையளவும் சந்தேகப்படாதவள். ஆகவே பேய் கேட்கிறது எதுவோ அதுதான் தீர்ப்பு. ஆகவே பேயை ஒழுங்காக எழுத வேண்டும்.

"பேரு பஞ்சம்மாள். வைகை டேம் கட்டுனப்ப முங்கிப்போன ஊர்க்காரி. யாரும் போய் விசாரிக்க முடியாது, போனா தண்ணிதான் இருக்கும். பிள்ளை இல்லாமச் செத்தவ. ஒரு பொட்டப்பிள்ளையத் தாய்வீட்டு வாசல்ல வச்சு வளர்த்து ஆளாக்கணும், அதுவரைக்கும் இந்த ஒடம்பை விட்டுப் போகமாட்டேன், புருசன் வீட்டு வாசப்படி மிதிக்கமாட்டேன்னு கேக்குது. எப்படி?"

"செத்தும் பிள்ள வளக்கணுமாக்கும் அவ" என்றாள் நாகஜோதி.

"இடக்கைக்காரி. அது ஒனக்குக் கஷ்டமில்ல" என்றான். சொன்னபிறகு அவள் கையைப் பார்த்தான். வெடித்த பழம் ஒன்றை நறுக்கிப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தான். "புளிப்பு ஆகாது. கோடாங்கி எலுமிச்சம்பழம் குடுப்பாரு, கடிக்கக் கூடாது, தூர எறியணும். முக்கியமா ஒண்ணு. ஒனக்குத் தெரிஞ்சது எதுவும் பஞ்சம்மாளுக்குத் தெரியாது. மச்சானத் தெரியாது. அம்மாவத் தெரியாது. திரிசாவோட பேரே தெரியாது. அங்கதான் எல்லாரும் கோட்டை விடுவானுக."

"பேரே தெரியாத பிள்ளைய எதுக்குடா அவ கேக்குறா?"

கதையில் ஓட்டை இருந்தது. மதன்குமார் அதைப் பார்த்தான். நாடகத்தில் இருந்திருந்தால் ஒரு வாரம் பேசியிருப்பான். "'அந்தப் பொட்டப்பிள்ளை'ன்னு கைய நீட்டிக் கேளு. பேரைச் சொல்லாத" என்றான்.

"டேய்."

"என்னக்கா."

"நடிச்சு நடிச்சு அவ நெசமாவே வந்துட்டா என்னடா பண்றது?"

அதற்கு அவன் எதுவும் எழுதிவைத்திருக்கவில்லை.

அமாவாசை அன்று உச்சிப் பொழுதில் கெங்குவார்பட்டிக் கோடாங்கி வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். கருத்தக்கண்ணன் காலையில் தேங்காய் மண்டியில் எடை போடுகிறவர். வேலை முடிந்து குளித்துவிட்டு வந்து, வேட்டியை மாற்றி, உடுக்கையை மடியில் வைத்துக்கொண்டால் கோடாங்கி. அவருக்கு ரெண்டு மணிக்குள் சாப்பிட வேண்டும், சர்க்கரை இருக்கிறது என்று முன்னாலேயே சொல்லிவிட்டார்.

ஒரு பக்கம் மாயக்காள், மடியில் திரிஷா. பிள்ளைக்குப் புதுக் கவுன் போட்டு, ரெட்டைச் சடை பின்னியிருந்தார்கள். விஜய்ராஜ் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றான். எதிர்ப் பக்கம் மலையம்மாளும் சுருளிவேலும். நடுவில் நாகஜோதி. மதன்குமார் அவளுக்குப் பின்னால், எழுதினவன் நிற்க வேண்டிய இடத்தில் நின்றான்.

உடுக்கை அடித்தது. நாகஜோதி தலைமுடியை அவிழ்த்துவிட்டாள். முதலில் உடம்பு லேசாக ஆடியது. பிறகு அவன் சொல்லிக்கொடுக்காத மாதிரி ஆடியது. திருநீற்றை இடக்கையில் வாங்கி முகத்தில் அப்பிக்கொண்டாள். எலுமிச்சம்பழத்தை வாங்கித் தூர எறிந்தாள். அது மதன்குமாருக்குத் திருப்தியாக இருந்தது.

பேர் என்ன என்று கோடாங்கி கேட்டார். மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் பஞ்சம்மாள் என்றாள். குரல் அடியிலிருந்து வந்தது. ஊர் கேட்டார். தண்ணிக்கடியில் என்றாள். மாயக்காள் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன வேணும் தாயி ஒனக்கு?"

"அந்தப் பொட்டப்பிள்ள வேணும்" என்று இடக்கையை நீட்டினாள். "இவ ஆத்தா வீட்டு வாசல்ல வச்சு வளக்கணும். புருசன் வீட்டுப் படியேற மாட்டேன். பிரிச்சா நடுவீட்டுல நிப்பேன்."

எழுதினது எழுதினபடி வந்தது. ஒரு எழுத்துப் பிசகவில்லை. கோடாங்கி திரும்பி, பிள்ளையை முன்னால் கொண்டுவரச் சொன்னார்.

மாயக்காள் பிள்ளையை இறக்கி நிறுத்தினாள். திரிஷா ரெண்டு எட்டு வைத்தாள். எதிரே முடியை விரித்துப்போட்டு, முகம் முழுக்கச் சாம்பலாக, பல்லைக் கடித்துக்கொண்டு ஆடுகிற பெண்பிள்ளையைப் பார்த்தாள். அப்படியே திரும்பி ஓடி அப்பத்தா கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"அது எங்கம்மா இல்ல" என்றாள்.

ஆட்டம் நின்றது.

"அம்மாதான்டா" என்றாள் நாகஜோதி. "திரிசா, அம்மாதான்டா தங்கம், பாரு." வலக்கை நீண்டது. வளைந்த விரல் ரெண்டும் வெளியே தெரிந்தன.

உடுக்கையும் நின்றது. தெருவில் ஒரு பால் வண்டி போகிற சத்தம் கேட்டது. கோடாங்கி நாகஜோதியின் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

"தண்ணிக்கடியில இருந்தவளுக்குப் பிள்ள பேரு எப்படித் தெரியும்?"

"நடிக்கிறா" என்றான் விஜய்ராஜ். "பாத்தீகளா. குடும்பமே சேந்து நடிக்குது. அம்மா, பிள்ளையத் தூக்கு, போவோம்."

மாயக்காள் எழுந்தாள். பிள்ளை தோளுக்குப் போனது. மலையம்மாள் மண்ணில் கையூன்றினாள். சுருளிவேல் மகளைப் பார்க்காமல் மகனைப் பார்த்தார். நாகஜோதியும் திரும்பி அவனைத்தான் பார்த்தாள். அந்தப் பார்வையில் பஞ்சம்மாள் இல்லை, கோபமும் இல்லை. அடுத்த வரி என்னடா என்பதுதான் இருந்தது.

"இது பஞ்சம்மா இல்ல" என்றான் மதன்குமார்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"அவ போயிட்டா. இது... இது அக்காவும் இல்ல. மூணாவது ஆளு. இதுக்குப் பிள்ளைய மட்டும் தெரியும். வேற யாரையும் தெரியாது."

விஜய்ராஜ் சிரித்தான். ஆனால் மாயக்காள் நின்றுவிட்டாள்.

"ஏலே, சிரிக்காத" என்றாள் மகனிடம். "நாடகத்துலயும் மூணாவதா ஒருத்தி வந்தால்ல. வெள்ளிக்கெழம. அந்த டாக்டரு சொன்னாரே."

கோடாங்கி ஏழரை மணிக்கு மண்டிக் கணக்குப் பார்க்கிறவர், நாடகம் பார்த்ததில்லை. ஆனாலும் தன் வழக்கம் அவருக்குத் தெரியும். உடுக்கையை ஒரு தடவை தட்டிவிட்டு, நாகஜோதியிடம் குனிந்தார்.

"நீ யாரு தாயி? ஓம் பேரு என்ன?"

மதன்குமாருக்குப் பெயர் ஒன்றும் தோன்றவில்லை. உலகத்தில் இருக்கிற பெண் பெயர் அத்தனையும் மறந்துபோயிருந்தது. நாகஜோதி தரையைப் பார்த்தாள்.

"பேரு வைக்கல" என்றாள்.

கோடாங்கி மறுபடி கேட்டார். மூன்றாம் தடவையும் அதையேதான் சொன்னாள். பேர் வைக்கல. யாரும் வைக்கல. கருத்தக்கண்ணன் உடுக்கையைக் கீழே வைத்தார். பேர் சொல்கிறதைத்தான் கட்டலாம், பேர் இல்லாததைக் கட்டவும் முடியாது விரட்டவும் முடியாது என்றார். அது எதைத் தெரியும் என்கிறதோ அதை அதனிடமிருந்து பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் பிடுங்கின கையைத்தான் தேடி வரும். அது தன் பெயரைச் சொல்கிற வரைக்கும் பிள்ளை அதன் பக்கத்திலேயே, பொம்பளை பிறந்த வீட்டிலேயே இருக்கட்டும். அமாவாசைக்கு அமாவாசை ரெண்டு வீடும் இங்கே வர வேண்டும். பெயர் என்றைக்கு வருகிறதோ அன்றைக்கு மற்றது.

மாயக்காள் பிள்ளையை இறக்கி, நாகஜோதியின் கைக்கு எட்டுகிற தூரத்தில், அவளைத் தொடாமல், தரையில் விட்டாள். விஜய்ராஜ் ஏதோ சொல்ல வந்தான். அவள் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு காருக்குப் போனாள். மணி ரெண்டு ஆகிவிட்டது, கோடாங்கி சாப்பிட உள்ளே போனார். திரிஷா அழுதுகொண்டே நின்றாள். அம்மாவிடம் வரவில்லை. மலையம்மாள் முந்தானையை நனைத்துச் சாம்பலைத் துடைத்துவிட்டாள். முகம் முழுக்கத் தெரிந்த பிறகுதான் பிள்ளை வந்தது.

அப்படியாக நடுவில் ஒன்று கிடைத்தது.

கிடைத்ததற்கு ஊர் ஒரு விலை வைத்தது. நாகஜோதியைக் கொடி கழிக்கிற கவாத்து வேலைக்கு யாரும் கூப்பிடவில்லை. அவள் கை பட்ட பந்தலில் பழம் வெடிக்கும் என்று பேச்சு வந்தது. கோடை மழையைப் பற்றி யாரும் பேசவில்லை. ஏலக்காய் ஜீப்பில் அவள் ஏறினால் மற்றவர்கள் ஒரு ஓரமாய் நெருக்கிக்கொண்டு, அவளுக்கு மட்டும் விஸ்தாரமாக இடம் விட்டார்கள். ஒரு வாரம் போய்ப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டாள். திரிஷா தினம் காலையில் எழுந்ததும் கண்ணைத் திறக்காமல், "இன்னைக்கு எந்த அம்மா?" என்று கேட்டாள். நாகஜோதி ஒவ்வொரு நாளும், "ஒன் அம்மாதான்" என்றாள். பிள்ளை உடனே கண்ணைத் திறப்பதில்லை. குரலைக் கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் திறந்தது.

மாதம் முடிவதற்குள் விரல்கள் கோணலாகவேனும் மடங்க ஆரம்பித்தன. சோற்றைப் பிசையலாம், ஒன்றும் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு மத்தியானம் மதன்குமார் தண்ணீர் குடிக்க வீட்டுக்குள் வந்தபோது, நாகஜோதி அடுப்படியில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பார்க்க யாரும் இல்லை. இடக்கையால் சாப்பிட்டாள். அவன் 'அக்கா' என்று கூப்பிட்டான். அவள் திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டான். கொஞ்ச நேரம் கழித்து, யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பது மாதிரி நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னடா?" என்றாள் அப்புறம்.

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்காமலேயே தோட்டத்துக்குப் போனான்.

பதிவு போடுவதை அவன் நிறுத்திவிட்டான். போட்டிருந்ததையும் அழித்தான். ஏழரை மணிக்கு வீட்டில் நாடகம் ஓடியது. மூணாவது ஆளுக்கு நாடகத்தில் இப்போது காதல் வந்திருந்தது. முன்னெல்லாம் எதிர்ச்சுவரில் சாய்ந்து நின்று பல்லைக் கடிப்பவன், இப்போது அம்மாவுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, விளம்பரம் உட்பட எல்லாவற்றையும் பார்த்தான். எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்ப்பது போலிருந்தது.

அடுத்த அமாவாசைக்குப் பெரியகுளம் வழியாகப் போகிற பஸ்ஸில் கூட்டம். மதன்குமாரும் நாகஜோதியும் நடுவில் திரிஷாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளை ஜன்னல் கம்பியில் கன்னத்தை வைத்துத் தூங்கியது. இன்றைக்கு விஜய்ராஜ் தன் பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு வருகிறான் என்று மாயக்காள் போனில் சொல்லியிருந்தாள். பெரியப்பா எல்லாவற்றையும் குறுக்குக் கேள்வி கேட்கிறவர்.

தேவதானப்பட்டி தாண்டியதும் நாகஜோதி அவன் பக்கம் சாய்ந்தாள்.

"ஏலே, பஞ்சம்மாளும் வருவாளா, மூணாவது மட்டுந்தானா?"

"ரெண்டும் வரட்டும். மொதல்ல அது, அப்பறம் இது."

"எலுமிச்சம்பழம் குடுத்தா? அவளுக்குப் புளிப்பு ஆகுமா ஆகாதா? போன தடவ கடிச்சேனா, தூர எறிஞ்சேனா?"

மதன்குமார் யோசித்தான். பந்தல், ஈ மொய்த்த பழம், அக்காவின் இடக்கையில் கத்திரி, எல்லாம் கண்ணுக்கு வந்தது. பழத்தை என்ன செய்யச் சொன்னோம் என்பது வரவில்லை. கேட்டுப் பார்க்கலாம் என்றால் எழுதினவன் அவன் ஒருவன்தான்.

பஸ் ஒரு குழியில் இறங்கி ஏறியது. பிள்ளையின் தலை கம்பியில் இடிக்காமல் அவன் கையை நடுவில் கொடுத்தான்.

"ரெண்டும்னு வச்சுக்கக்கா" என்றான், முன் சீட்டுக்காரருக்குக் கேட்காதபடி.